கடைசியா வர்ற ஆள்

இல்ல தம்பி, ரிப்பேர் எல்லாம் ஒண்ணும் இல்ல. சைக்கிள் சக்கரத்தைக் கழட்டினாத்தான் ஏத்துவேன்னுட்டாரு கண்டக்டர். பாடி பின்னாடி கடைசி சீட்டு ஓரமா நிக்குது, சக்கரம் என் மடியில. உங்க பேண்ட்ல மண்ணு பட்டுடப் போவுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கல்வராயன் மலை மண்ணு இது. துவைச்சாலும் லேசுல போகாது.

ஆமா, கியர் சைக்கிள்தான். மலைப்பாதைக்குன்னே செய்யறது. டயரைப் பாருங்க, எவ்வளவு தடிமன். எங்கேந்து வரேன்னு கேட்டீங்கல்ல? ஏலகிரி அடிவாரத்துலேந்து. இதுலயேதான். தார் ரோட்டுல இல்ல தம்பி, தார் ரோட்டுல யார் வேணா வருவாங்க. ஜவ்வாது மலைக்கு ஊடால, காட்டுப்பாதை, மாட்டுத்தடம், கல்லு, ஓடைன்னு வந்து, செங்கம் பக்கம் இறங்கி, மறுபடி கல்வராயன் மேல ஏறி. தனியாவான்னு கேக்காதீங்க. தனியா இல்ல. எங்க குரூப்பு ரைடு. அவங்க முன்னாடி போனாங்க, நான் பின்னாடி வந்தேன். அவ்வளவுதான்.

இந்த ரைடைத் திட்டம் போட்டவனே நான்தான் தம்பி. அதை முதல்ல சொல்லிடறேன்.

நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவன். பேரு வேதமூர்த்தி. எங்கூரு வாணியம்பாடி. எந்த வண்டி எப்ப கெளம்பும், எப்ப வரும், எங்க லேட்டாச்சு, ஏன் லேட்டாச்சு, எல்லாம் என் வாய்லதான் இருக்கும். ரிட்டையர் ஆனதும் டாக்டர் நடங்கன்னாரு. நடக்கறது எனக்குப் பிடிக்கல, தனியா நடந்தா பைத்தியக்காரன் மாதிரி இருக்கு. ஷூ கம்பெனியில வேலை பாக்கற ஜாகிர்னு ஒரு பையன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பத்துப் பன்னெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு மலைக்கு சைக்கிள் ஓட்டுவான். அதுல சேர்ந்துக்கிட்டேன். வீட்டுல அவங்க ஓசூர்ல பொண்ணு வீட்டுல இருக்காங்க. பேரனைப் பாத்துக்கறதுக்குப் போனாங்க, அவன் கைக்குழந்தையா இருக்கறப்போ. இப்ப நாலாவது படிக்கிறான். வந்துடுவாங்க, அவன் கொஞ்சம் பெருசாயிட்டா.

சரி, ரைடுக்கு வரேன். எங்க குரூப்புல மேகலான்னு ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க கல்வராயன் மலைக்கு ஒரு முகாமுக்குப் போயிட்டு வந்து சொன்னாங்க. அங்க பிலோமினான்னு ஒரு சிஸ்டர் சின்னதா ஒரு ஆஸ்பத்திரி நடத்தறாங்க. சுத்தி இருக்கற ஊருக்கெல்லாம் ரோடு கிடையாது. யாருக்காச்சும் முடியலன்னா, மூங்கில்ல போர்வையைத் தூளி மாதிரி கட்டி, ரெண்டு பக்கமும் ஆள் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வரணும். கல்லுலயும் சேத்துலயும் போறதுக்கு ஒரு ஜீப் ஆம்புலன்ஸ் இருந்தா போதும்னு சொன்னாங்களாம் சிஸ்டர். ஜாகிர் போய் அவங்க முதலாளிகிட்டப் பேசினான். அவரு நல்ல மனுஷன், கொஞ்சம் விளம்பரமும் பிடிக்கும். "நீங்க எல்லாரும் மலை தாண்டி மலை சைக்கிள்ல போய் அந்த ஆஸ்பத்திரியில முடிங்க. முடிக்கிற இடத்துல விழா வச்சு நான் ஜீப்பு தரேன்"ன்னுட்டாரு.

திட்டம் யாரு போடறது? எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சரி, பாக்கல, நானே கையைத் தூக்கினேன். ரெண்டும் ஒண்ணுதான். வேற யாருக்குத் தெரியும் சொல்லுங்க?

தம்பி, அந்த மாதிரி வேலை நான் டிப்போவுல கூடப் பாத்ததில்ல. வாரா வாரம் போய்ப் பாதை பாத்தேன். எங்க தண்ணி கெடைக்கும், எங்க நாய் தொரத்தும், எந்த ஊர்ல யார் வீட்டுல சோறாக்கித் தருவாங்க, எங்க படுக்கலாம். பாறையில, மரத்துல எல்லாம் மஞ்சப் பெயிண்ட்ல அம்புக்குறி போட்டேன். மொதல்ல எல்லாரும் கூட வந்தாங்க. அப்புறம் ஜாகிரும் மேகலாவும் மட்டும். அப்புறம் அவங்களுக்கும் வேலை வந்துடுச்சு, நான் மட்டும். எனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இல்ல. சாயங்காலம் ஆனா எல்லாருக்கும் போன் போடுவேன். பிரேக் பாத்தியா, பஞ்சர் ஒட்டற சாமான் வாங்கினியா, இன்னிக்கு நீ எவ்வளவு தூரம் ஓட்டினேன்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துடும். நல்லாப் பொழுது போச்சு தம்பி. பொழுதுன்னா, அதாவது வேலை நடந்துச்சு.

போகப் போக எடுக்கமாட்டானுங்க. ஜாகிருக்குப் போட்டா அவன் பொண்டாட்டி எடுக்கும். "தொழுகைக்குப் போயிருக்காரு அங்கிள்"னு சொல்லும். தொழுகை முடிஞ்சு எல்லாரும் டீக்கடைக்கு வந்துட்டாங்க, இவன் மட்டும் இன்னும் வரலையாம். நான் டைம் கீப்பர், என்கிட்டயே. ஆனா அது மரியாதைதான். செய்யச் சொன்னதைச் செய்யல, என்ன பதில் சொல்றதுன்னு பயம்.

தை மாசம் பொங்கல் கழிச்சுப் போறதா இருந்தோம். எனக்கு ஒரு ஓடையில திருப்தி இல்ல. ஜவ்வாது மலையில, ரெண்டு பாறைக்கு நடுவுல வரும். வழுக்கினா இடுப்பு போயிடும். மாசிக்குத் தள்ளி வச்சேன். மாசியில பாத்தா, நான் குறிச்சு வச்ச ஊத்து ஒண்ணு வத்திப்போச்சு. குடிதண்ணி இல்லாம எப்படி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறது? அப்புறம் வெயில் வந்துடுச்சு. வெயில்ல முடியாது. ஆடியில காத்து. நான் சொன்னேன், அவசரமே வேணாம், மறுபடி தை மாசமே வச்சுக்குவோம், அதுக்குள்ள பாதையை இன்னும் ஒரு தடவை முழுசாப் பாத்துடறேன்னு.

அப்பதான் மேகலா எல்லாரையும் பைபாஸ்ல இருக்கற டீக்கடைக்கு வரச் சொன்னாங்க. நானும் போனேன். ரொம்ப நாள் கழிச்சு எல்லாரையும் ஒண்ணாப் பாத்ததுல எனக்கு சந்தோஷம். எல்லாருக்கும் நானே டீ சொன்னேன். மேகலா டீயைத் தொடல.

"அண்ணே, சிஸ்டர் போன் பண்ணாங்க. போன வாரம் ஒரு பொண்ணைத் தூளியில தூக்கிட்டு வந்திருக்காங்க. தலைப்பிரசவம். மழை. வர்ற வழியிலயே வலி அதிகமாயிடுச்சு. அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிச்சு. குழந்தை தங்கல."

"அடப்பாவமே"ன்னேன். நிஜமாவே மனசு கஷ்டமாப் போச்சு தம்பி. "அதனாலதாம்மா சொல்றேன், தை மாசம் எந்தக் குறையும் இல்லாமப் பண்ணிடுவோம்"ன்னேன்.

 ஜாகிர்தான் கிளாஸைக் கீழ வச்சுட்டு, "அண்ணே, நாங்க அடுத்த மாசம் போறோம்"ன்னான்.

"நாங்கன்னா?"

"எல்லாரும். நீங்களும் வாங்க."

"ஆவணியில மழை இருக்கும் ஜாகிர். அந்த ஓடையை எப்படித் தாண்டுவீங்க?"

மேகலா சொன்னாங்க, "தூளி தூக்கறவங்க மழையிலதாண்ணே ஓடையைத் தாண்டினாங்க."

 அவங்க வேற, நாம வேற. அவங்களுக்குப் பழக்கம். நான் பொறுமையாத்தான் பேசினேன். திட்டம்னா என்ன, பொறுப்புன்னா என்ன, நாளைக்கு ஒருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டா அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்றதுன்னு. மேகலா எழுந்து போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் நான் வாட்ஸப் குரூப்புல எழுதினேன்: "முறையான திட்டம் இல்லாமல் நடக்கும் பயணத்துக்கு நான் பொறுப்பல்ல." எழுதிட்டு குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்.

எதுக்கு வந்தேன்? புரியணும்னுதான். ஒருத்தன் வெளிய போனா கூப்பிடுவாங்கல்ல. வாங்கண்ணே, கோவிச்சுக்காதீங்கன்னு திரும்பச் சேத்துக்குவாங்கல்ல. போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு இருந்தேன். ஜாகிர் ஒரு தடவை போன் பண்ணான். உடனே எடுத்தா நல்லா இருக்காதுன்னு விட்டேன். மறுபடி பண்ணல.

அந்தக் குழந்தை விஷயம் நம்ம கையில இல்ல தம்பி. ஜீப்பு இருந்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் அவசரம் வந்துச்சு, அவ்வளவுதான் சொல்றேன்.

ஆவணியில சைக்கிள் கடைக்கு ஒரு பெல்லு மாத்தப் போனேன். கடைக்காரர் கேட்டாரு, "சார், உங்க ஆளுங்க எல்லாரும் வண்டி சர்வீஸ் பண்ணி எடுத்துட்டுப் போயிட்டாங்களே, வெள்ளிக்கிழமை கெளம்பறாங்களாமே, உங்க வண்டி?" எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே, "என் வண்டி எப்பவும் ரெடி"ன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில சும்மாத்தான் ஷூ போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். ஏலகிரிக்குப் போறதுன்னா எங்க தெரு வழியா போறதுதான் சுருக்கு. பைக்கட்டுல நாலு நாள் துணி வச்சிருந்தேன். சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு. பால்காரர் போனாரு, ஸ்கூல் வேன் போச்சு. வெயில் வந்துடுச்சு. எதிர்வீட்டம்மா "எங்க சார் கெளம்பிட்டீங்க"ன்னு கேட்டாங்க. "இப்பதான் வந்தேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். மெயின் ரோடு வழியாவே போயிட்டானுங்க போலிருக்கு.

மறுநாள் காலையில, யதேச்சையா, ஏலகிரி பக்கம் போனேன். சரி, யதேச்சையான்னு சொல்லிக்கறேன். பைக்கட்டும் இருந்துச்சு. அடிவாரத்துல என் மொத அம்புக்குறிகிட்ட ஈர மண்ணுல டயர் தடம். முந்தின நாள் தடம், ஓரம் காஞ்சிருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா அத்தனை பேரும். எனக்கு யார் டயருன்னு பாத்தாலே தெரியும். ஜாகிர் பின்சக்கரம் நடுவுல தேஞ்சிருக்கும். மாத்தச் சொல்லி எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன். மாத்தல பாருங்க.

நான் பாட்டுக்கு அந்தத் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன்.

மொத நாள் மதியம் சாப்பாட்டுக்குன்னு நான் சொல்லி வச்சிருந்த வீடு ஜவ்வாது மலையில. வீட்டுக்காரர் பேரு சாம்பமூர்த்தி, சாமை வெதைச்சிருக்காரு. என்னைப் பாத்ததும், "என்னங்க, உங்க ஆளுங்க நேத்தே சாப்பிட்டுப் போயிட்டாங்களே"ன்னாரு.

எனக்குச் சட்டுனு வாயில வந்துச்சு. "நான் கடைசி ஆளுங்க"ன்னேன்.

அப்படி ஒண்ணு நிஜமாவே உண்டு தம்பி. பெரிய ரைடுன்னா எல்லாருக்கும் பின்னாடி ஒருத்தர் வரணும். யாராச்சும் விழுந்து கெடக்கறாங்களா, பாதை தவறிட்டாங்களா, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டாங்களான்னு பாத்துக்கிட்டே வரணும். ரொம்பப் பொறுப்பான வேலை அது.

"ஒரு நாள் பின்னாடியா?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுட்டு உள்ள போய் யாருக்கோ போன் பண்ணாரு. அப்புறம் சோறு போட்டாரு. சாமைச்சோறு, கொள்ளு ரசம். நல்லா இருந்துச்சு. சாப்பிடறப்போ பேச ஆள் இருந்துச்சு, அதான் இன்னும் நல்லா இருந்துச்சு.

அதுக்கப்புறம் எல்லா ஊர்லயும் அதையேதான் சொன்னேன். கடைசி ஆள். யாரும் சந்தேகமே படல. சொல்லப்போனா, நான் போறதுக்கு முன்னாடியே எல்லா வீட்லயும் எனக்குச் சோறு எடுத்து வச்சிருந்தாங்க. மலை ஜனங்களே அப்படித்தான்.

காட்டுக்குள்ள தனியா ஓட்டறது எப்படின்னா தம்பி, மொதல்ல பயமா இருக்கும். அப்புறம் தடம் துணையாயிடும். இங்க உக்காந்து ஆரஞ்சு தின்னிருக்காங்க, தோல் கெடக்குது. இங்க யாரோ விழுந்திருக்காங்க, செடி நசுங்கியிருக்கு, பக்கத்துல எல்லாரும் இறங்கித் தூக்கிவிட்டிருக்காங்க, அத்தனை ஷூ தடம். ஒரு இடத்துல என் அம்பு இடது பக்கம் காட்டுது, தடம் எல்லாம் வலது பக்கம் போவுது. வலது பக்கம் சுருக்கு, ஆனா செங்குத்து. நான் சொல்லியிருக்கேன், அது ஆபத்துன்னு. நான் இடது பக்கம்தான் போனேன். என் பாதை, நானே போகலைன்னா எப்படி? ரொம்ப நேரம் சுத்திக்கிட்டுப் போச்சு. ஒரு தடமும் இல்ல, வெறும் மண்ணு. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. மறுபடி ரெண்டு பாதையும் சேர்ற இடத்துல ஜாகிரோட தேஞ்ச டயர் தடத்தைப் பாத்தப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

அந்த ஓடை வந்துச்சு. முழங்கால் அளவு தண்ணி. ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆனா அவ்வளவு ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்துப் பாறைக்கும் ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தாங்க. பிடிச்சுக்கிட்டு நடந்தா வழுக்காது. நல்ல யோசனைதான், ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, அவ்வளவு நல்ல புதுக் கயிறை அவுக்காம அப்படியே விட்டுட்டுப் போயிட்டானுங்க! இதைத்தான் நான் சொல்றது, அஜாக்கிரதைன்னு. சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு, கயிறைப் பிடிச்சுத் தாண்டி, அப்புறம் திரும்பி வந்து ரெண்டு முனையும் அவுத்து, சுத்தி எடுத்துக்கிட்டேன். பையிலதான் இருக்கு.

கல்வராயன் மலை ஏறின அன்னிக்கு சாயங்காலம் ஒரு சின்ன ஊர்ல தங்கினேன். பத்து வீடுதான் இருக்கும். ஒரு வீட்டு முன்னாடி கட்டில் போட்டாங்க. ஒரு பொண்ணு சொம்புல தண்ணி கொண்டாந்து வச்சுச்சு. சின்ன வயசு, இருபது இருக்கும். மொகத்துல ஒண்ணுமே இல்ல.

"நீங்கதான் கடைசியா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா."

"அப்ப வண்டி வந்துடுமா?"

"வந்துடும்மா. நாளைக்கு நான் போய்ச் சேந்துட்டா எல்லாம் முடிஞ்சது."

அது தலையை ஆட்டிட்டு உள்ள போயிடுச்சு. அதோட வீட்டுக்காரன் வெள்ளையன்னு ஒருத்தன், என் பக்கத்துல குந்திக்கிட்டு மெதுவா சொன்னான், "அதுதாங்க. ஆடியில தூளியில தூக்கிட்டுப் போனோமே. நான்தான் முன்னாடி தோள் கொடுத்தேன். பாதி தூரம் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்துச்சு."

நான் எழுந்து போய் டயர்ல காத்து பாத்தேன். காத்து சரியாத்தான் இருந்துச்சு. மறுபடி முன் சக்கரத்தையும் பாத்தேன். அப்புறம் பிரேக்கு. அவன் அங்கயே குந்திக்கிட்டு இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனும் வந்து, சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், நான் பாக்க வசதியா. அந்தப் பொண்ணு ராகிக்களி கொண்டாந்து வச்சுச்சு. எனக்குப் பசி இல்லைன்னு சொல்லலாம்னு பாத்தேன். சொல்ல முடியல. முழுசும் சாப்பிட்டேன்.

நேத்து மதியம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டுக் கட்டடம், முன்னாடி ஒரு வேப்பமரம். விழா முந்தின நாளே முடிஞ்சிருந்துச்சு. பந்தல் மட்டும் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு. உள்ள பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வரிசையா. ஒரு ஆள் இல்ல. பந்தல்காரர் மட்டும் ஓரமா துண்டை விரிச்சுப் படுத்திருந்தாரு. நான் சைக்கிளைச் சாச்சுட்டு மொத வரிசையில ஒரு நாற்காலியில உக்காந்தேன். 

சிஸ்டர் வெளிய வந்தாங்க. இதுக்கு முன்னாடி போன்ல பேசியிருக்கேன், நேர்ல பாத்ததில்ல. வயசானவங்க, கண்ணாடி போட்டிருந்தாங்க.

"வேதமூர்த்தி ஐயாவா?"

"ஆமா சிஸ்டர். ஜீப்பு எங்க?"

"காலையிலேயே போயிடுச்சு. மேல ஒரு ஊர்ல ஒருத்தரைப் பாம்பு கடிச்சிடுச்சுன்னு வந்து சொன்னாங்க. நேத்து மாலையெல்லாம் போட்டுக் குடுத்தாங்க, மாலையைக் கூட எடுக்கல, அப்படியே போயிருக்கு."

அப்படி அந்த ஜீப்பை நான் பாக்கவே இல்ல தம்பி. வெள்ளைன்னு சொன்னாங்க.

"பந்தலை ஏன் சிஸ்டர் இன்னும் பிரிக்கல?"ன்னு கேட்டேன். "ஒரு நாள் வாடகை வீண்தானே. இதெல்லாம் முன்கூட்டியே பேசி வச்சுக்கணும்."

அவங்க என்னையே பாத்தாங்க. "அந்த டீச்சர்தான் சொல்லிட்டுப் போனாங்க ஐயா. எங்க ஆளு ஒருத்தர் பின்னாடி வந்துக்கிட்டு இருக்காரு, அவர் வந்து சேர்ற வரைக்கும் பந்தலைப் பிரிக்காதீங்கன்னு. அவங்களும் ராத்திரி இங்கயே தங்கிப் பாத்தாங்க. ஸ்கூல் பரீட்சையாம், காலையில எல்லாரையும் ஏத்திக்கிட்டு வேன் கெளம்பறப்போ போயிட்டாங்க. வழியில எல்லா ஊர்லேந்தும் அவங்களுக்குப் போன் வந்துக்கிட்டே இருந்துச்சு, நீங்க இங்க வந்துட்டீங்க, இங்க சாப்பிட்டீங்கன்னு."

நான் தண்ணி கேட்டேன். கொடுத்தாங்க.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொன்னாங்க ஐயா உங்களை"ன்னாங்க. மேல என் போனுக்கு டவர் கெடைக்கல. இங்க இருக்குதா? இருக்கு போல. பண்ணலாம். பஸ்ஸுல சத்தமா இருக்கு தம்பி, ஊருக்குப் போய்ப் பண்றேன். என்ன பேசணும்னு கொஞ்சம் யோசிச்சுக்கணும்ல.

பந்தல்காரர் எழுந்து வந்து துண்டை உதறித் தோள்ல போட்டாரு. பாவம், அவருக்கும் வீட்டுக்குப் போகணும். சிஸ்டர் என்கிட்ட கேட்டாங்க, "ஐயா, உங்களுக்குப் பின்னாடி இன்னும் யாராச்சும் வராங்களா? பிரிச்சிடச் சொல்லவா?"

திரும்பிப் பாத்தேன் தம்பி. யாரும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் திரும்பிப் பாத்தேன். பாதை அப்படியே இறங்கி மரத்துக்குள்ள போயிடுது. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். சிஸ்டரும் அவசரப்படல, நின்னாங்க.

"யாரும் இல்ல சிஸ்டர், பிரிச்சிடுங்க"ன்னேன்.

பந்தல்காரர் ஏணியில ஏறி முடிச்சை அவுத்தாரு. துணி பெருசு, ஒரு ஆளா மடிக்க முடியாது. இன்னொரு முனையைப் பிடிக்க யாரும் இல்ல. நான் போய்ப் பிடிச்சேன்.